கணினியும் தமிழ் ஆராய்ச்சியும்

நமது சர்வகலாசாலைகளில் ஆண்டுதோறும் தமிழில் ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. அவற்றை எழுதிப் பட்டம் பெற்றோர் பலர். எடுத்துப் படித்தோர் சிலர். இதற்கு ஆய்வேடுகளின் குறைபாடு மட்டுமே காரணமன்று. அவை தேடுவோர் கண்ணில் படாமல் மறைந்து கிடப்பதே முக்கிய காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2009-ம் ஆண்டில் வகுத்த விதிகள், டாக்டர் பட்ட ஆய்வேட்டின் மின்பிரதியையும் ஒப்படைக்குமாறு பணித்தன. அப்பிரதிகளைச் சேர்த்து வைக்கும் 'சோத்கங்கா' என்னும் களஞ்சியத்தை யாவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஏற்பாடு உயர்ந்ததே. ஆனால், தமிழ் ஆய்வேடுகள் பல பழைய எழுத்துருக்களில் அமைந்தவை. அம்முறையில், ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின்மேல் தமிழெழுத்தின் வடிவம் போர்த்தப்பட்டிருக்கும். கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கோ பொருளற்ற அந்நிய எழுத்துக் குவியல். புறநானூறு என்று தேடுகிறவனுக்குப் புறநானூற்றைப் பற்றியே எழுதிய ஏடும் அகப்படாது.

இது மருந்தில்லா நோயன்று. யூனிகோட் என்னும் சர்வதேச முறையில் 1991-ம் ஆண்டிலேயே தமிழ் இடம் பெற்றது. தமிழக அரசாங்கம் 1999-ல் 'தமிழ் 99' விசைப்பலகையையும், 2010-ல் யூனிகோட் முறையையும் அங்கீகரித்தது. 1998-ம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல தேசங்களில் சிதறி வாழும் தமிழர்கள் ஊதியமின்றி நம் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து உலகுக்கு வழங்கினார்கள். தொண்டர்களால் முடிந்த காரியம் ஊதியம் பெறும் கலாசாலைகளுக்கு முடியாதா?

கணினி மாணவனைச் சோம்பேறியாக்கும், பிறர் எழுத்தைத் திருடத் தூண்டும் என்று உபாத்தியாயர்கள் சிலர் ஆட்சேபிக்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு இவ்வச்சம் வலுத்திருக்கிறது. அச்சம் வீணானதன்று, இல்லாத நூலை இருப்பதாகவே கூறி மேற்கோள் காட்டும் சாமர்த்தியம் அக்கருவிக்கு உண்டு. ஆனால் அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க வல்லவர் யார்? கருவியின் இயல்பை அறிந்த உபாத்தியாயரே அல்லவா? கருவியைத் தொடமாட்டேன் என்பவர், மாணவன் நீட்டும் தாளை நம்புவதைத் தவிர வேறென்ன செய்யக்கூடும்?

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 2018-ம் ஆண்டு விதிகளின்படி, பிறர் எழுத்துடனான ஒப்புமை நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டால் நடவடிக்கை உண்டு. அறுபதுக்கு மேற்பட்டால் மாணவனின் பதிவே ரத்தாகும். சட்டம் கடுமையானதே. ஆனால் கணினியால் எழுத்தையே படிக்க முடியாத ஆய்வேட்டில் திருட்டை எங்ஙனம் அளப்பது? பழைய எழுத்துரு, உழைத்தவன் புகழை மறைப்பதோடு திருடியவனுக்கும் திரையாகிறது. கருவியை விலக்கி வைப்பதால் நேர்மை காக்கப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

ஆகவே, யூனிகோட் முறையை இன்னும் கட்டாயமாக்காத சர்வகலாசாலைகள் உடனே ஆக்க வேண்டும். பழைய ஆய்வேடுகளை அம்முறைக்கு மாற்ற வேண்டும். உபாத்தியாயர்களுக்கு வேலை நேரத்திலேயே பயிற்சி அளிக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் மாணவனின் சொந்த அறிவைக் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும்.

சுவடியில் கிடந்த சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் 1887-ல் அச்சேற்றினார். அச்சு யந்திரம் அவரது புலமையைக் குறைக்கவில்லை. அப்புலமையை நாடெங்கும் கொண்டு சென்றது. ஓலைச் சுவடியைக் கரையான் அரித்ததற்கு நம் முன்னோரின் அசிரத்தையைக் குறை கூறுகிறோம். நமது ஆய்வேடுகள் கணினிக்குள்ளேயே புதைந்து போகுமானால், நம் சந்ததியார் யாரைக் குறை கூறுவார்கள்?