வண்டியைத் திருத்துங்கள்: ஃபோர்க்லிஃப்ட் தொழிலாளர்களின் கொள்கைப் பிரகடனம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளிலும், எண்ணூர், தூத்துக்குடி குடோன்களிலும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள், அதன் பக்கத்தில் நின்று பேலட் அடுக்குகிறவர்கள், அதைப் பழுதுபார்க்கிறவர்கள் ஒன்றுகூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஓட்டுகிறவர் களைத்துப்போயிருந்தாலும், ஒரு கணம் கை பிசகினாலும், உயிர் போகாதபடி வண்டி செய்யப்பட வேண்டும்.

விபத்துக்கு மறுநாள் நடப்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதுவார்கள். மற்றவர்களை வரிசையில் நிறுத்தி அரை மணி நேரம் பாதுகாப்பு வகுப்பு எடுப்பார்கள். சுவரில் புதிதாக ஒரு போஸ்டர் ஏறும். வண்டியைக் கழுவி, அடுத்த ஷிப்டுக்கு வேறொருவரை ஏற்றிவிடுவார்கள். அந்த வண்டியில் ஒரு போல்ட்கூட மாறியிருக்காது. பயிற்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முறையான பயிற்சி இல்லாத யாரையும் வண்டியில் ஏற்றக் கூடாது. ஆனால் வடிவமைப்பில் உள்ள குறையைப் பயிற்சியால் அடைக்க முடியாது.

3 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே 4 டன்னுக்கு மேல். நான்கு சக்கரங்களில் நிற்பதுபோலத் தெரிந்தாலும் அது ஒரு முக்காலிதான்: முன்சக்கரங்கள் இரண்டும், பின் அச்சு ஊசலாடும் நடு மூட்டும்தான் அதன் மூன்று கால்கள். எடையின் மையம் அந்த முக்கோணத்தைத் தாண்டினால் வண்டி சாயும். லோடு இல்லாத வண்டி பத்திரமானது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். காலி வண்டியில் எடை பின்னால், முக்கோணம் குறுகும் இடத்தை நோக்கிப் போய்விடுகிறது. வேகமாகத் திருப்பினால் அதுதான் சட்டென்று பக்கவாட்டில் கவிழும். கவிழும்போது உடம்பு தன்னையறியாமல் வெளியே குதிக்கப் பார்க்கும். தலையைக் காக்க வைத்த இரும்புக் கூண்டு, குதித்தவர் மேலேயே விழும். அமெரிக்காவில் 1980 முதல் 1994 வரை ஃபோர்க்லிஃப்ட் விபத்துகளில் 1,021 பேர் இறந்ததாக அந்நாட்டு அரசின் ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்தது. அதில் 22 சதவீதம் வண்டி கவிழ்ந்து நேர்ந்த சாவுகள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. திருப்பத்தில் வண்டி தடுமாறுவதை உணர்ந்து பின் அச்சின் ஆட்டத்தைப் பூட்டும் ஏற்பாட்டை டொயோட்டா 1990களின் இறுதியிலேயே கொண்டுவந்துவிட்டது. ஓட்டுநர் இருக்கையில் இல்லாதபோது வண்டியும் நகரக் கூடாது, ஃபோர்க்கைத் தாங்கும் முன்தூணான மாஸ்டும் அசையக் கூடாது என்று ஐஎஸ்ஓ 3691-1 தரநிலை 2011 முதல் சொல்கிறது.

அது ஏன் தேவை என்று குடோனில் நின்றவர்களுக்குத் தெரியும். ஃபோர்க்கில் சுற்றிக்கொண்ட பிளாஸ்டிக் ஃபிலிமைப் பிய்க்க, எஞ்சினை அணைக்காமல், டாஷ்போர்டுக்கு மேல் எக்கி மாஸ்ட் பக்கம் கையை நீட்டுகிறார் ஒருவர். இடுப்பு டில்ட் லிவரில் படுகிறது. மாஸ்ட் பின்னால் சாய்ந்து வருகிறது. மாஸ்டுக்கும் கூண்டுக்கும் நடுவில் அவருடைய நெஞ்சு. இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் ஒழுங்காக வேலைசெய்தால் லிவர் அசைந்தாலும் மாஸ்ட் அசையாது.

அந்த சுவிட்சைத்தான் ஜம்பர் ஒயர் போட்டுச் செயலிழக்க வைத்திருக்கிறார்கள். சீட் பெல்ட்டை மாட்டி, அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டுகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதைக் கண்டிக்கிறோம், அது எதனால் வருகிறது என்பதையும் சொல்கிறோம். ஒரு ஷிப்டில் எத்தனையோ தடவை ஏறி இறங்குகிறவருக்கு பக்கிள் இடுப்புக்குக் கீழே, கை நுழையாத சந்தில் இருக்கிறது. இருக்கை கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது. பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் சுவிட்ச் விட்டுவிட்டு வண்டியை நிறுத்துகிறது. லாரி காத்திருக்கிறது என்று சூப்பர்வைசர் கத்துகிறார். மெக்கானிக் ஒயரை இணைத்துவிடுகிறார். ஆகவே பெல்ட் ஒரே கையால் மாட்டும்படி இருக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு மாட்டினால்தான் வண்டி நகர வேண்டும். சுவிட்ச் குலுக்கலைத் தாங்க வேண்டும், ஒயரை மாற்றினால் வண்டி காட்டிக்கொடுக்க வேண்டும்.

சாவு மட்டும் எங்கள் கவலை அல்ல. லோடு முன்பார்வையை மறைத்தால் ரிவர்ஸில் ஓட்ட வேண்டும் என்பது விதி. விதிப்படி ஓட்டுகிறவரின் கழுத்தும் இடுப்பும் பல மணி நேரம் முறுகியே இருக்கின்றன. பின்தூணில் ஒரு கைப்பிடி, அதில் ஒரு ஹாரன் பட்டன், சற்றுத் திரும்பும் இருக்கை: இவை பெரிய செலவில்லை. சாலிட் டயரின் அதிர்வு நேராக முதுகெலும்பில் ஏறுகிறது; இருக்கைக்கு ஸ்பிரிங் வேண்டும். டீசல் வண்டியில் எஞ்சின் இருக்கைக்கு அடியில்தான். வண்டி செய்கிறவர்கள் மே மாதத்தில் அதன்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு எங்களிடம் பேசட்டும். எவ்வளவு தூக்கலாம் என்று சொல்லும் தகடு பொடி ஆங்கில எழுத்தில், பெயின்டுக்கு அடியில் கிடக்கிறது. தமிழும் இந்தியும் ஒடியாவும் பேசுகிறவர்கள் ஓட்டும் வண்டியில் அது பெரிய படமாக இருக்க வேண்டும்.

வண்டியை மாற்றினால் சாவு குறையும் என்பதற்குச் சான்று உண்டு. சுவீடன் 1959இல் புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வைத் தாங்கும் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. உழவர்கள் திடீரென்று கவனமானவர்களாக மாறிவிடவில்லை. டிராக்டர் மாறியது, அதற்கடியில் நசுங்கிச் சாவது காலப்போக்கில் குறைந்தது.

நம் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987 திருத்தத்தில், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 7பி பிரிவு சேர்ந்தது. தொழிற்சாலையில் பயன்படும் பொருளை வடிவமைக்கிறவர், தயாரிக்கிறவர், இறக்குமதி செய்கிறவர், விற்கிறவர் ஆகியோருக்கு, அந்தப் பொருள் பாதுகாப்பானதாக இருப்பதை உறுதிசெய்யும் கடமையை அது விதித்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்தக் கடமையை விடவில்லை. எனவே ஒவ்வொரு விபத்து விசாரணையிலும் ஓட்டுநரைக் கேட்பதற்கு முன் வண்டியைச் சோதிக்கக் கோருகிறோம். வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், ஓட்டப்போகிறவர் ஒரு ஷிப்ட் ஓட்டிப்பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எந்த வண்டியும் உள்ளே வரக் கூடாது. காண்ட்ராக்ட் ஆளுக்கும் இதில் அதே உரிமை.

எங்கள் பக்கத்துக் கடமையையும் எழுதிவைக்கிறோம். இயக்கத்தில் சேரும் ஆபரேட்டர் பெல்ட்டின் மேல் உட்கார மாட்டார். சேரும் மெக்கானிக் ஜம்பர் போட மாட்டார். போடச் சொன்னவரின் கையெழுத்தைக் கேட்பார். அப்படி மறுத்ததற்காக வேலை போனால் இயக்கம் முழுவதும் அவர் பின்னால் நிற்கும்.

முதல் வேலை வரும் திங்கட்கிழமை காலை ஷிப்டில் தொடங்குகிறது. அவரவர் வண்டியின் இருக்கை சுவிட்ச், பெல்ட், தகடு, ஹாரன், ஹேண்ட் பிரேக் ஐந்தையும் பார்த்து, குறையை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு நகல் நிர்வாகத்துக்கு, ஒன்று வண்டி தயாரித்தவருக்கு, ஒன்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு. தேதியும் வண்டி எண்ணும் விட்டுப்போகக் கூடாது.