பூங்கா வாசலும் கட்டுச்சோறும்

தமிழக உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு ஒரு குடும்பஸ்தர் எழுதும் திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்கள் மூடப்படுகிற கோடைக்காலத்தில், வருஷம் முழுவதும் வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடிக் களைத்த பெற்றோர், பிள்ளைகளுக்கு என்றோ கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் பொருட்டு, வாடகை வேனிலும் அரசுப் பேருந்திலுமாக, ஊருக்கு வெளியே பல ஏக்கர் பரப்பில் ராட்டினங்களும் நீர்ச்சறுக்குகளும் செயற்கை அலைக் குளங்களுமாக விரிந்து கிடக்கிற பொழுதுபோக்குப் பூங்காக்களை நாடிப் போவது இன்று நம் மாநிலத்தில் எல்லாத் தரத்துக் குடும்பங்களுக்கும் உரிய வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு நாள் சந்தோஷத்தின் நடுவே அவர்களுக்கு நேருகிற ஒரு சங்கடத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன். ராட்டினங்களின் பாதுகாப்பைப் பற்றியோ குளத்து நீரின் சுத்தத்தைப் பற்றியோ அல்ல. அவற்றைப் பார்த்துக்கொள்ள வேறு உத்தியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அங்கே போகிறவர்களின் சாப்பாட்டைப் பற்றி.

மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்துகிற ஒரு வீட்டில், பாட்டி, தாத்தா, கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என ஆறு பேர் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். பிரயாணச் செலவு எவ்வளவு என்று வேன்காரர் சொல்லிவிடுகிறார். நுழைவுக் கட்டணம் விளம்பரத்திலேயே அச்சாகியிருக்கிறது. உயரத்தை அளந்துதான் அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று தீர்மானிப்பார்கள் என்பதால், இளைய பிள்ளையை நிலைப்படியோரம் நிறுத்தி அளந்து பார்த்து அந்த வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே ஒரு வேளைச் சாப்பாடு என்ன விலை, ஒரு தண்ணீர்ப் பாட்டில் என்ன விலை என்பது மட்டும் உள்ளே போய்ப் பசித்து நின்ற பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. தலைக்கு 250 ரூபாய் என்று உத்தேசமாகப் போட்டால் ஆறு பேருக்கு 1,500 ஆகிறது. நீரில் ஆடிய பிள்ளைகளுக்கு அடிக்கடி பசிக்கும் ஆதலால் இடையில் கொஞ்சம் நொறுக்குத் தீனி, மாலையில் காப்பி, வெயிலுக்குக் குடிநீர் என்று இன்னும் ஓர் ஆயிரத்தைச் சேர்த்தால் 2,500. உத்தேசம் தலைக்கு நூறு ரூபாய் தவறிப்போனாலும் 600 ரூபாய் துண்டு விழுகிறது. மாதக் கடைசியில் அந்த அறுநூறு ரூபாய் எந்தச் செலவை ஒத்திப்போடச் சொல்லும் என்பதை வீட்டுக் கணக்கு எழுதுகிற பெண்கள் நன்கு அறிவார்கள்.

அதே ஆறு பேருக்கு, வீட்டில் அதிகாலையில் எழுந்து, ஒரு கிலோ அரிசியில் பாதியைப் புளியோதரையாகவும், மத்தியானத்துக்குள் புளித்துவிடாமல் இருக்கும்படி பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிரை மட்டும் உறைக்குச் சேர்த்து மற்றப் பாதியைத் தயிர்சாதமாகவும் செய்து, உருளைக்கிழங்கு வறுவலும் நாரத்தங்காய் ஊறுகாயும் கூட வைத்து எடுத்துக்கொண்டால், கேஸ் செலவு உட்பட முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்கிவிட்டு அரை மணிக்குள் உண்ண வேண்டிய தாத்தாவுக்கு என்ன ஆகும், எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளாத பாட்டி எதைச் சாப்பிடுவாள் என்ற கவலைகளுக்கும் அந்தத் தூக்குப் பாத்திரத்திலேயே சமாதானம் இருந்தது. கோயிலுக்குப் போனாலும் அருவிக்குப் போனாலும் நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஏற்பாடு இதுதான். அந்த ஏற்பாட்டுக்குத்தான் பல பூங்காக்களின் வாசலில் இடமில்லை. பையைத் திறந்து பார்க்கிறார்கள். சோறு இருந்தால் வெளியே வைத்துவிட்டு வரும்படி சொல்கிறார்கள்.

வெளியே எங்கே வைப்பது? இந்தக் கேள்வியில்தான் அநியாயத்தின் பெரும் பகுதி அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். சொந்தக் காரில் வந்தவர் பாத்திரத்தைக் காரிலேயே விட்டுவிட்டு, வெளியே போய்த் திரும்ப அனுமதி உண்டென்றால் மத்தியானம் வந்து மர நிழலில் உண்டுவிட்டுப் போகலாம்; அனுமதி இல்லையென்றாலும் கடை விலை அவரை அவ்வளவாகப் பாதிக்கப்போவதில்லை. பேருந்தில் வந்து, நெடுஞ்சாலையில் இறங்கி, குழந்தையை இடுப்பிலும் பாத்திரத்தைக் கையிலுமாகச் சுமந்து நடந்து வந்தவர்களுக்கோ வைக்க ஓர் இடமும் இல்லை. சோற்றைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அதே வேளைக்கு உள்ளே மறுபடியும் பணம் கொடுக்க வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்குத்தான் ஏற்படுகிறது. எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டதாகத் தோன்றும் ஒரு விதி, நடைமுறையில் மிகக் குறைந்த வருவாய் உள்ளவர்களின் மீதே முழு பாரத்தோடு விழுகிறது.

பூங்கா நடத்துகிறவர்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. எச்சில் இலையும் பொட்டலக் காகிதமும் குளத்தில் விழுந்தால் நீர் கெடும். குளிர்பானப் பாட்டிலில் மதுவை மறைத்துக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். வருஷத்தில் சில மாதங்களே கூட்டம் வருகிற தொழிலில், நுழைவுக் கட்டணத்தைக் கொண்டு மட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பராமரிப்பது சுலபமல்ல. மேலும், தமக்குச் சொந்தமான இடத்தில் வெளி உணவைத் தடுக்கும் உரிமை திரையரங்கு உரிமையாளர்களுக்கு உண்டு என்று, அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி நரசிம்மா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2023 ஜனவரி 3-ஆம் தேதி தீர்ப்பளித்திருக்கிறது. ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018-இல் அத்தடையை அகற்றும்படி இட்ட உத்தரவு அதனால் ரத்தாயிற்று. ஆயினும் அதே தீர்ப்பில், சுத்தமான குடிநீரை இலவசமாக வழங்க வேண்டும் என்றும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவை நியாயமான அளவுக்கு அனுமதிக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருப்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் முடிந்துபோகும் திரைப்படத்துக்கே இந்தக் கருணை விதிக்கப்பட்டதென்றால், முற்பகலில் நுழைந்து அந்திசாயும் வரை வெயிலிலும் நீரிலும் கழிக்கிற இடத்துக்கு, ஒரு வேளை ஆகாரத்தைத் தவிர்க்கவே முடியாத இடத்துக்கு, அது இன்னும் எவ்வளவு பொருந்தும்!

பிற தேசத்தார் இதை எவ்வாறு தீர்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1971-இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டு பெரும் வியாபார ஸ்தாபனம். அங்கே விற்கும் உணவு மலிவானதும் அல்ல. ஆயினும் கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் இல்லாதவரை, குடும்பங்கள் தங்கள் உணவைத் தாங்களே எடுத்துப்போகலாம். பானம் விற்கும் உணவுக் கடைகளில் ஒரு குவளைக் குளிர்ந்த நீர் கேட்டால் காசு வாங்காமல் தருகிறார்கள். எந்தக் கடையில் எந்தப் பண்டம் என்ன விலை என்பதை வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். டோக்கியோவுக்கு அருகே உள்ள டிஸ்னி பூங்கா வெளி உணவை அனுமதிப்பதில்லை என்றாலும், கட்டுச்சோறு கொண்டுவருகிறவர்கள் உட்கார்ந்து உண்பதற்கென்று வாசலுக்கு வெளியே ஓர் இடத்தை ஒதுக்கியிருக்கிறது. ஷாங்காயில் நடந்தது இன்னும் விசேஷமானது. 2016-இல் திறக்கப்பட்ட அவ்வூர் டிஸ்னி பூங்கா மறு வருஷமே வெளி உணவைத் தடை செய்தது. பையிலிருந்த தின்பண்டங்களோடு வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு சட்டக்கல்லூரி மாணவி 2019-இல் வழக்குத் தொடர்ந்தாள். பொதுஜன அபிப்பிராயமும் அவள் பக்கம் திரண்டது. அவ்வருஷம் செப்டம்பரில் பூங்கா தன் விதியைத் தளர்த்தியதோடு, அவளுக்கு 50 யுவான் கொடுத்து வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது. பூங்கா இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நம் ஊரில் இரண்டாயிரம் ரூபாய்ச் சாப்பாட்டுச் செலவுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் படியேற எத்தனை குடும்பஸ்தர்களால் முடியும்? அப்படியே புகார் சொல்லலாம் என்று நினைத்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது என்பது புலப்படுவதில்லை. பூங்கா சுற்றுலா சம்பந்தப்பட்டது என்பார்கள். அச்சிட்ட விலைக்கு மேல் பாட்டில் விற்றால் அதைக் கேட்க வேண்டிய முத்திரை ஆய்வாளர் நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையைச் சேர்ந்தவர். சமையலறையைச் சோதிக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலரோ மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு உட்பட்டவர். விலை விஷயத்தில் சட்டமும் சிறிது சிக்கலாகவே இருக்கிறது. ஒரே விதமான பொட்டலத்துக்கு இடத்துக்கு இடம் வெவ்வேறு அதிகபட்ச விலை அச்சிடக் கூடாது என்ற விதி 2018 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. ஆனால் ஓட்டல்களும் உணவகங்களும் உபசாரத்தோடு பரிமாறுவதால் பாட்டில் தண்ணீரை அச்சிட்ட விலைக்கு மேலும் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நாற்காலியும் இல்லாமல், பரிமாறுகிற ஆளும் இல்லாமல், ஜன்னல் வழியாகப் பாட்டிலை நீட்டிக் காசை வாங்குகிற கடையை உணவகமென்று கொள்வது எவ்விதத்தில் பொருந்தும் என்பதை அரசாங்கம் ஒரு சுற்றறிக்கையால் தெளிவுபடுத்த வேண்டாமா? இத்தனை துறைகளையும் ஒரு மேஜையைச் சுற்றி அமரச் செய்யக்கூடியவர், பெயரிலேயே நுகர்வோர் பாதுகாப்பைத் தாங்கியிருக்கிற துறையின் தலைவரான தாங்களே.

பூங்காக்கள் சோற்றை விற்கக் கூடாதென்றோ, லாபம் பெறக் கூடாதென்றோ நான் கேட்கவில்லை. டிக்கெட் விலையை அறிவிக்கிற அதே பலகையிலும் அதே இணையப் பக்கத்திலும், உள்ளே கிடைக்கும் சாப்பாடு, சிற்றுண்டி, குடிநீர் ஆகியவற்றின் விலையையும் வரி உட்பட அறிவிக்க வேண்டும் என்பதுதான் முதல் வேண்டுகோள். அது ஒன்று நடந்தாலே குடும்பங்களின் சிரமத்தில் பாதி நீங்கிவிடும். குடிநீர்க் குழாய்கள் எத்தனை பேருக்கு எத்தனை என்ற கணக்கோடு, ஒதுக்குப்புறத்தில் அல்லாமல் கண்ணில் படும் இடங்களில் அமைய வேண்டும். குழந்தைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோரின் உணவை மருத்துவச் சீட்டுக் கேட்காமல் உள்ளே விட வேண்டும். மற்றவர்களின் கட்டுச்சோற்றுக்கு, குளங்களிலிருந்து விலகி வாசலருகே ஒரு கூரையும் சில பெஞ்சுகளும் கைகழுவும் குழாய்களும் போதும். கையில் முத்திரை குத்தி வெளியே விட்டு மறுபடி அனுமதிப்பது பூங்காக்காரர்கள் அறியாத வித்தை அல்ல.

பள்ளிகளிலிருந்து கூட்டமாக வரும் மாணவர்களுக்கு நுழைவும் சாப்பாடும் சேர்த்து ஒரே கட்டணமாகப் பேசிக்கொள்ளும் வழக்கம் பல பூங்காக்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதே சாம்பார் சாதத்தையும் தயிர் சாதத்தையும் அளவுச் சாப்பாடாக, முன்பதிவு செய்கிற குடும்பங்களுக்கும் ஒரு நிச்சய விலையில் கொடுப்பதற்குப் புதிய அடுப்பு ஒன்றும் மூட்ட வேண்டியதில்லை. எத்தனை பேர் உண்பார்கள் என்பது முன்னதாகவே தெரிந்துவிடுவதால் சமைப்பவர்களுக்கும் வீண் குறையும். 1982-இல் சத்துணவையும் 2022-இல் காலை உணவையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்த இந்த மாநிலத்துக்குப் பிள்ளைகளின் பசியைப் பற்றிப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நுழைவுக் கட்டணத்தின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2018 ஜனவரியில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டபோது, இத்தகைய இடங்கள் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்ட வேண்டும் என்ற நம்பிக்கை எங்களுக்குப் பிறந்தது. வாசலில் குறைந்த பணம் உணவுக் கடையில் போய்விடாமல் பார்த்துக்கொள்வது மாநில அரசால் இயலும். பரீட்சைகள் முடிவதற்கு முன், மாசி மாதத்துக்குள்ளாகவே, பூங்கா உரிமையாளர்களையும் மேலே சொன்ன துறைகளின் அதிகாரிகளையும் நுகர்வோர் சங்கங்களின் பிரதிநிதிகளையும் தாங்கள் அழைத்துப் பேசி, விலைப் பட்டியலையும் உணவு அனுமதியையும் பற்றிய உத்தரவை வெளியிட்டால், இந்தக் கோடையிலேயே அது பயன் தரும். கூட்டத்துக்கு ஒரு சாதாரணக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு தேவைப்படுமானால், அதை எழுதிக்கொண்டு நேரில் வர நான் சித்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நலம் விரும்பும் ஒரு குடும்பஸ்தர்