மூன்று வேளை என்று எழுதினால் போதுமா?

கல்லீரல் இறுக்கநோய் மூளையைத் தாக்கும்போது வீட்டார் கண்ணில் முதலில் படுபவை சிறு மாற்றங்களே. பேச்சு குழறும், கையெழுத்து கோணும், பகலில் உறக்கமும் இரவில் விழிப்பும் வந்து சேரும். "மறுபடியும் குடித்துவிட்டார்" என்று பழி சொல்லி நாள்களைக் கடத்துகிறோம். மதுவைத் தொடாதவர்க்கும் இந்நோய் வரும் என்பது தனிக்கதை.

குடலில் உண்டாகும் அம்மோனியாவை நலிந்த கல்லீரலால் அகற்ற இயலாமையே இதன் முதன்மைக் காரணம். முதல் மருந்து லாக்டுலோஸ் என்னும் இனிப்புப் பாகு. பெருங்குடல் நுண்ணுயிரிகள் அதை அமிலமாக்க, அம்மோனியா அங்கேயே சிக்குண்டு மலத்தோடு வெளியேறுகிறது. டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனை மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒருமுறை இக்கோளாறுற்றுத் தேறியவர்களுள் இம்மருந்தை உட்கொண்டோரில் 100க்கு ஏறத்தாழ 20 பேருக்கும், உட்கொள்ளாதோரில் 47 பேருக்கும் அது மீண்டும் வந்தது. ஆக, மருந்தும் உண்டு. சான்றும் நம் நாட்டிலேயே உண்டு.

இல்லாதது ஒரு வாக்கியம். டிஸ்சார்ஜ் சம்மரியில் "30 மி.லி., மூன்று வேளை" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை இளகிய மலம் கழியுமாறு அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்பதை எழுதுவதில்லை. இம்மருந்தின் உயிரே அதில்தான் இருக்கிறது! மலச்சிக்கல் மருந்து என்றெண்ணி ஒருவர் பாதியில் நிறுத்துகிறார். இன்னொருவர் அளவின்றிக் குடித்து, நீரிழப்பால் மேலும் குழம்புகிறார். இருவரும் அவசரப் பிரிவுக்குத் திரும்புகிறார்கள். "லாக்டுலோஸ் கேட்கவில்லை" என்று ரிஃபாக்சிமினும் சேர்க்கப்படுகிறது. அது நல்ல மருந்தே; ஆனால் மாதந்தோறும் அதை வாங்க எத்தனை குடும்பங்களால் இயலும்?

"புரதம் கூடாது" என்ற பழைய அறிவுரை மட்டும் எல்லா மொழிகளிலும் தவறாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டுதல். அம்மோனியாவை அகற்றுவதில் தசைக்கும் பங்குண்டு. பருப்பையும் பாலையும் பறித்தால் கரைவது அந்தத் தசைதான்.

மருத்துவருக்கு நேரமில்லை என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். நோயாளியின் மொழியில் ஒரு தாள் அச்சிட மருத்துவர் எதற்கு? நிர்வாகம் போதும். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடிகிறது என்று இந்நோய்க்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒடியா பேசும் தொழிலாளியிடம் அதை இந்தியில் நடத்தினால் அளக்கப்படுவது மூளையா, மொழியா?

அந்தத் தாளில் மலக்கணக்கோடு இவையும் இருக்கட்டும்: மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை கூடாது, இரவு படுக்குமுன் சிறிது உணவு வேண்டும், காய்ச்சலோ, கறுத்த மலமோ, பேச்சுக் குழறலோ கண்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வரவேண்டும்.