கூலிக் கணக்கில் விடுபட்ட நாட்கள்

சர்க்கரை நோய்க்கு வேளை தவறாத மாத்திரையே போதும், அந்நோயைப் பற்றி வகுப்பில் உட்கார்ந்து கேட்பது ஓய்வு பெற்றவர்க்கே உரியது, உழைத்துப் பிழைப்பவர் அதற்காக ஒரு நாள் கூலியை இழப்பது வீண் என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டின் உழைக்கும் மக்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கும் தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவரைத் தொடும் நோயைப் பற்றிய தவறான நம்பிக்கை தனிமனிதரின் பிழையாக நின்றுவிடுவதில்லை. அது ஊரின் உழைப்பையே அரிக்கிறது.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் இந்த நம்பிக்கைக்கு ஒரு பொருளாதார அடித்தளம் உண்டென்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டுச் சேலைக்குக் கூலி சேலைக் கணக்கில் கிடைப்பது. வீட்டுத் தறியில் நெய்பவருக்கு ஊதியத்தோடு கூடிய விடுப்பு என்று எதுவும் கிடையாது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து ஊடையிலேயே கோத்து இணைக்கும் கோர்வை முறையில் நெசவாளரோடு உதவியாளர் ஒருவரும் தறியில் இருந்தாக வேண்டுமாதலால், ஒருவர் எழுந்து போனால் இருவர் வேலை நிற்கிறது. ஆகவே வகுப்புக்குப் போகலாமா என்னும் தயக்கத்தைச் சோம்பலாகவோ அறியாமையாகவோ பழிப்பது நேர்மையாகாது. பழிக்கத்தக்கது அந்தத் தயக்கத்தின் அடியில் உள்ள கணக்கு. அது வகுப்பில் செலவாகும் நாளை மட்டும் எண்ணி, அறியாமையால் பறிபோகும் நாட்களை எண்ணாமல் விட்டுவிடுகிறது.

நீரிழிவுக் கல்வி என்பது, நோயாளி தன் உணவு, மருந்து, உழைப்பு, கால், கண் ஆகியவற்றை அன்றாடம் தானே கவனித்துத் தீர்மானிக்கக் கற்றுக்கொள்ளும் பயிற்சியாகும். பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜாஸ்லின், இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 1918-இல், மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பயன்படுத்தத்தக்க கையேடு ஒன்றை வெளியிட்டார் என்பது, இப்பயிற்சி மருத்துவத்தின் பிற்கால அலங்காரமாக வந்து சேர்ந்ததில்லை என்பதைக் காட்டும். மருத்துவர் ஆண்டில் சில நிமிடங்களே நோயாளியைப் பார்க்கிறார். எஞ்சிய நேரமெல்லாம் நோயாளியே தனக்கு மருத்துவர்.

நெசவாளரைப் பொறுத்தவரை அந்த எஞ்சிய நேரம் பெரும்பாலும் குழித்தறியில் கழிகிறது. கிளிபென்கிளமைடு போன்ற, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரையை விழுங்கிவிட்டு, கரைவேலை முடியட்டுமென்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுபவருக்கு, இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து கை நடுக்கமும் வியர்வையும் தலைச்சுற்றலும் உண்டாகும். தாழ்சர்க்கரை எனப்படும் இந்நிலை, கற்பிக்கப்படாதவரின் கண்ணுக்குக் களைப்பாகவோ பித்தமாகவோ தெரியும். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதை மாத்திரை அட்டை சொல்வதில்லை. கந்தசஷ்டிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் விரதம் இருப்பதற்கு முன்னரே மருத்துவரிடம் கேட்டு மருந்தளவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் அது சொல்லாது. கோயில்களால் நிறைந்த ஊரில், விரதமும் பிரசாதமும் மாறி மாறி வரும் ஆண்டில், இவற்றைக் கற்பிக்காத நீரிழிவு மருத்துவம் பாதி மருத்துவமே.

கால்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. நீண்ட நாள் உயர்ந்திருக்கும் சர்க்கரை பாத நரம்புகளின் உணர்வை மங்கச் செய்வதால், குழிக்குள் வெறுங்காலோடு மிதிக்கட்டையை மிதிப்பவர் சிராய்ப்பையும் கொப்புளத்தையும் உணர்வதில்லை. உணராத புண் ஆறாத புண்ணாகி, விரலையோ பாதத்தையோ அகற்றும் நிலை வரை செல்லக்கூடும். உணர்வு மங்கியுள்ளதா என்பதைக் கண்டறியும் சோதனை மிக எளியது: பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பதே அது. நூலின் நுட்பத்தை விரலால் அறியும் ஊரில் இந்த ஓரிழைச் சோதனையைப் பற்றி ஒரு நெசவாளர் கேள்விப்படாமலே இருப்பாரானால், அது பொறுக்கத்தக்க நிலையன்று. விழித்திரைப் பாதிப்பும் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. ஜரிகை இழை மங்கலாகத் தெரியும்போது கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர், ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டிய விழித்திரைச் சோதனையைத் தவறவிட்டுத் தம் தொழிலின் மூலக்கருவியையே இழக்க நேரிடும்.

கூலியை இழப்பதாகச் சொல்லும் வாதத்தை எண்களாலேயே எதிர்கொள்ளலாம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோருக்கான கல்வியைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளிவந்த பகுப்பாய்வு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஒரு விழுக்காட்டுப் புள்ளி குறைவதற்கு ஏறத்தாழ 24 மணி நேரக் கற்பித்தல் தேவைப்படுவதாகக் கணக்கிட்டது. அதாவது மூன்று நாள் தறிவேலை. பிரிட்டனில் நெடுங்காலம் நடந்த ஆய்வொன்றின் 2000-இல் வெளியான தரவுகளில், அந்த ஒரு புள்ளிக் குறைவோடு கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பில் 37 விழுக்காட்டுக் குறைவு தொடர்புற்றிருந்தது. மூன்று நாள் கூலி ஒரு பக்கமும், பார்வையும் சிறுநீரகமும் மறுபக்கமும் நிற்கையில் எது விலை கூடுதல் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

எதிர்த்தரப்பினர் எடுத்துக்காட்டக்கூடிய ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. பிரிட்டனில் புதிதாக நோய் கண்டறியப்பட்டோருக்கு ஆறு மணி நேரக் குழு வகுப்பு நடத்திய டெஸ்மண்ட் ஆய்வின் 2008-ஆம் ஆண்டு முடிவில், ஓராண்டுக்குப் பின் எச்பிஏ1சி அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எடை குறைந்ததும், புகைபிடிப்பதை நிறுத்தியோர் கூடியதும் கண்ட பயன்களில் அடங்கும். மேற்கண்ட 2002-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வும், வகுப்புகள் முடிந்த சில மாதங்களில் பயன் தேய்ந்துவிடுவதைக் காட்டியது. இவை கல்வி வீண் என்று சொல்லவில்லை. ஒரே நாளில் ஊற்றிவிட்டு நிறுத்தும் கல்வி நிலைக்காது என்றே சொல்கின்றன. வேலையிலிருக்கும் ஆண்களுக்கே சிறுசிறு அளவில் தொடர்ந்து கற்பிக்க முடியும் என்பதற்கு இந்தியச் சான்றே உள்ளது: சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 537 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டதால், இரண்டாண்டில் அவர்களிடையே நீரிழிவு தோன்றுவது மற்றவர்களைவிட 36 விழுக்காடு குறைந்தது.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து, கூலி நாளைக் காத்த அரிய செயல். ஆனால் மாத்திரை வந்துவிட்டது, இனி வேறெதுவும் வேண்டாம் என்ற எண்ணத்துக்கு அதுவே சான்றாகக் காட்டப்படும்போது அத்திட்டத்துக்கே அநீதி இழைக்கப்படுகிறது. மாத்திரை தெருவுக்கு வர முடியுமானால் பாடமும் வர முடியும்.

அதற்கான நாளும் உண்டு. அமாவாசையன்று தறியில் உட்காராத வழக்கம் பல நெசவாளர் குடும்பங்களில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் தறிக்குழியில் நீர் ஊறிப் பாவு நனையும் நாட்களில் வேலை தானாகவே நிற்கிறது. பழைய பாவு தீர்ந்து புதுப்பாவு பிணைக்கும் இடைவெளியும் அவ்வப்போது வரும். கூட்டுறவுச் சங்கங்களும் தறி முதலாளிகளும் சுகாதாரத் துறையும் இந்த நாட்களில், இரண்டு மணி நேர அளவில், உலை வைக்கும் பெண்களையும் கூட்டி உட்காரவைத்து வகுப்பு நடத்துவார்களானால், வேலையா வகுப்பா என்ற கேள்வியே எழாது. அதுவரை, மருத்துவமனையில் நடக்கும் வகுப்புக்காக ஒரு நாள் தறியை நிறுத்தும் நெசவாளருக்கும், கூட நிற்கும் உதவியாளருக்கும், அந்நாள் கூலியைச் சங்கமோ முதலாளியோ கொடுத்தாக வேண்டும்.