வாங்கிய பின்னரா விசாரணை?

நூறு டொலர் விலையில் ஏழை நாட்டுப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு கணினி கொடுப்போம் என்று அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரொபொன்ரி 2005ஆம் ஆண்டில் உலகறிய அறிவித்தார். எண்ணம் உயர்ந்தது, அதில் எமக்கு ஐயமில்லை. வறிய நாடுகளின் அமைச்சர்கள் அதனை ஆவலோடு வரவேற்றதிலும் வியப்பில்லை. ஓர் ஆசிரியரைப் பயிற்றியெடுக்க ஆண்டுகள் பல வேண்டும். பெட்டியைத் திறந்து, பிள்ளையின் கையிற் கொடுத்து, அருகில் நின்று படம் பிடித்துக்கொள்ள ஒரு காலைப்பொழுது போதும்!

அத்திட்டத்தை உலகிலேயே மிகப் பெரிய அளவில் நடத்திய நாடு பெரு. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை அது வாங்கியது. நூறு டொலர் என்றது நடைமுறையில் ஏறக்குறைய இருநூறாயிற்று. வறிய நாடுகள் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டொன்றிற் செலவிட்ட தொகை சராசரியாக 48 டொலர், நடுத்தர வருமான நாடுகள் செலவிட்டது 555 டொலர் என்பன அந்நாளைய கணக்குகள். இவற்றின் அருகே அந்த இருநூறை வைத்துப் பார்த்தால் அதன் பாரம் விளங்கும்.

பயன் யாது? அமெரிக்க நாடுகளுக்கிடையிலான அபிவிருத்தி வங்கியின் ஆய்வாளர்கள் 319 கிராமப் பாடசாலைகளை எடுத்து, கணினி பெறுபவை எவை, பெறாதவை எவை என்பதைச் சீட்டுக் குலுக்கி நிச்சயித்து, சுமார் பதினைந்து மாதங்களின் பின் பிள்ளைகளைப் பரீட்சித்தனர். 2012இல் முடிவு வெளியாயிற்று. கணிதத்திலும் மொழியிலும் இரு சாராருக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை. பொது அறிவாற்றற் சோதனைகளில் மட்டும் சிறிது முன்னேற்றம் தென்பட்டது. நீதி கருதி அதனையும் சொல்லிவிடுகின்றோம். பின்னர் 531 பாடசாலைகளின் பத்தாண்டுப் பதிவேடுகளை ஆராய்ந்தபோதும் கல்விப் பெறுபேற்றில் உயர்வில்லை. பிள்ளைகள் கணினியை இயக்கக் கற்றுக்கொண்டார்கள், உண்மை. ஆனால் ஆசிரியர்கள் அதனை வகுப்பிற் பயன்படுத்தியது மிகச் சொற்பமே.

நீதிமன்றில் வழக்குரைப்போர் அறிந்த ஒரு விதி உண்டு. ஒன்றை உண்டெனச் சாதிப்பவன் மீதே அதனை நிரூபிக்கும் பொறுப்புச் சாரும். பெருவிலோ கொள்வனவு முந்தியது, சாட்சியம் பிந்தியது. எமது தோட்டக்காரர் இவ்வாறு செய்வாரா? புதிய வெங்காய விதை வந்தால் பத்துப் பரப்பையும் உழுது அதனையே நடமாட்டார். இரண்டு பாத்தியில் அதனையும், பக்கத்துப் பாத்தியிற் பழைய விதையையும் நட்டு, ஒரே கிணற்று நீரை இறைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். மேற்சொன்ன ஆய்வாளர் செய்த சோதனையும் இதுவன்றி வேறன்று. செய்த காலந்தான் தவறு.

நாம் இயந்திரத்தின் பகைவர் அல்லேம். இந்தியாவின் குஜராத்தில் ஒரே கணிதச் செயற்றிட்டத்தை இருவகையாகச் சோதித்தார்கள். ஆசிரியர் கற்பிக்கும் நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்த இடத்திற் பிள்ளைகள் பின்தங்கினர். பாடசாலை நேரத்துக்குப் புறம்பாகக் கொடுத்த இடத்தில் முன்னேறினர். 2008இல் வெளிவந்த இம்முடிவை ஒவ்வொரு கல்வி அதிகாரியும் படித்திருக்க வேண்டும். கென்யாவின் கிசுமுவில் ஆசிரியருக்குப் பயிற்சியும் நல்ல வாசிப்பு நூலும் கொடுத்த திட்டம் ஒன்று இருந்தது. அதனோடு மின்கருவிகளையும் சேர்த்தபோது செலவு கூடியது. வாசிப்போ அதற்கேற்பக் கூடவில்லை.

தில்லியின் கதை வேறு. அங்கே மாலை நேர நிலையங்களிற் பிள்ளைகள் நாற்பத்தைந்து நிமிடம் கணினியிலும், நாற்பத்தைந்து நிமிடம் ஓர் உதவியாசிரியரிடமுமாகக் கற்றனர். நாலரை மாதத்திற் கணிதத்திலும் ஹிந்தியிலும் கண்ட முன்னேற்றம் பெரிது. காரணம் யாது? ஆறாம் வகுப்பிலிருந்தும் மூன்றாம் வகுப்புக் கணக்கிலே தடுமாறும் பிள்ளைக்கு, அந்த மூன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்கிக் கொடுக்கும் வண்ணம் அது அமைக்கப்பட்டிருந்தது. அதன் பின்னால் 45,000க்கும் மேற்பட்ட வினாக்கள் இருந்தன. பிள்ளை எங்கே பிழை விடுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திரட்டிய வினாக்கள் அவை.

இலங்கைக்கு வருவோம். 2020 மார்ச்சில் நோய்ப்பரவலாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைப்பேசிக்கு வந்தன. ஊவாவின் மலைக்கிராமப் பிள்ளைகள் அலைத்தொடர்பு தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறியதை உலகப் பத்திரிகைகள் படத்துடன் பிரசுரித்தன. ஒரு கைப்பேசியும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டில் எந்தப் பிள்ளை பாடம் கேட்டது? அக்காலத்தில் விட்டுப்போன பாடம் எவ்வளவு, அதனை ஈடுசெய்யக் கணினி எவ்வளவு உதவும் என்பதை முல்லைத்தீவிலும் நுவரெலியாவிலும் சோதித்தறிய வேண்டாமா? கொழும்பு நகரப் பாடசாலை ஒன்றிற் பெற்ற முடிவு, மின்சாரம் விட்டுவிட்டு வரும் வன்னிப் பாடசாலைக்குச் சாட்சியமாகாது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். கருவி கொள்வனவுக்குக் கேள்விப்பத்திரம் கோருமுன், சில வலயங்களிற் சீட்டுக் குலுக்கிப் பாடசாலைகளைத் தெரிந்து, ஓராண்டு சோதித்து, தோல்வியாயினும் முடிவை மூன்று மொழியிலும் வெளியிடுக. அதற்குக் கருவியன்று, முதலில் வேண்டுவது வினாத்தொகுதி. தில்லியின் வினாக்களை எமது பாடத்திட்டத்துக்கு அப்படியே பெயர்த்துப் பயனில்லை. நாலாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளை ரகர றகரத்தில் எங்கே மயங்குகிறது, பின்னத்தில் எங்கே இடறுகிறது என்பது எமது ஆசிரியருக்கே தெரியும். அவர்களைக் கூலி கொடுத்து இருத்தி அவ்வினாக்களை எழுதுவிப்பதற்கு, பல்லாயிரம் கருவிகள் வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும்.