ஆய்வு முடிய வேண்டும், ஊருக்கும் திரும்ப வேண்டும்

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்திருந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்னும் கருத்தில் ஆண்டவர் சொன்ன உவமை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் உண்டு. அத்திவாரத்தோடு நின்றுபோனவனை ஊரார் ஏளனம் செய்வார்கள் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. அத்திவாரத்தோடும் லின்ரல் மட்டத்தோடும் நின்றுபோன வீடுகளை எமது மீள்குடியேற்றக் கிராமங்களில் நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் எவரும் ஏளனம் செய்ததில்லை. அவை ஏன் நின்றன என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்த "ஏன் நின்றது" என்னும் கேள்வியையே பாடமாகப் படிக்கும் ஒரு துறை இருக்கிறது. அதன் பெயர் கட்டட நிர்மாண முகாமைத்துவம். ஒரு கட்டடத்தைக் குறித்த செலவில், குறித்த காலத்தில், குறித்த தரத்தில் முடிப்பது எப்படி என்பதே அதன் சாரம். மொறட்டுவை போன்ற பல்கலைக்கழகங்களில் இத்துறையில் முதுமாணிப் பட்டம் பெறலாம். படிப்பவர்களில் பலர் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் விரிவுரைக்குப் போகிறவர்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று அவர்களுள் இருக்கிறார்கள். அகதி முகாமின் தறப்பாளின் கீழ் எழுத்துப் படித்த பிள்ளை வீடு கட்டும் கலையில் முதுமாணியாவது எமக்குப் பெருமையே.

ஆனால் இந்தப் பட்டத்திற்கு ஒரு கடைசிப் படி உண்டு. அதுதான் ஆய்வேடு. பாடங்களில் சித்தியடைந்த பலர் இந்தப் படியில்தான் தடக்குப்படுகிறார்கள். முன்மொழிவு எழுதி, முந்திய ஆய்வுகளை வாசித்து, வினாக்கொத்துத் தயாரித்து, ஊர் ஊராகப் போய்ப் பதில் திரட்டி, பகுத்து, எழுதி, பரீட்சகர் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். வேலைத்தளத்தின் நெருக்கடி ஒரு பக்கம், குடும்பப் பாரம் மறுபக்கம். வருடங்கள் ஓடிவிடுகின்றன. சுவர் எழுப்பிக் கூரை போடாத வீடு மழையில் கரைவது போல, திரட்டிய பதில்களும் பழசாகிப் பயனற்றுப் போகின்றன. ஆகவே ஆய்வேட்டைத் தொடங்கிய பிள்ளைகள் அதை முடிக்க வேண்டும் என்பது எமது முதல் வேண்டுகோள்.

எனினும் முடிப்பது மட்டும் போதுமா என்ற கேள்வியும் எமக்கு உண்டு.

சில காலத்திற்கு முன் எமக்கு அறிமுகமான மாணவர் ஒருவர் வன்னிக் கிராமமொன்றில் வினாக்கொத்தோடு இருந்தார். வீட்டு வேலை தாமதமானதற்குக் காரணம் என்ன என்பது கேள்வி. காலநிலை, பணம், பொருட்கள், வேலையாள் பற்றாக்குறை என நான்கு கூடுகள் இருந்தன. பதில் சொன்ன தாய் கூறியது இதுதான்: "தம்பி, காசும் வந்தது, மேசனும் நிண்டவர். ஆனால் விதைப்பு வந்திட்டுது. மனுசன் வயலுக்கை. கல்லு எடுத்துக் குடுக்க ஆளில்லை. இதை உதிலை எங்கை போடுவியள்?" மாணவர் சற்று யோசித்துவிட்டு, "வேலையாள் பற்றாக்குறை" என்ற கூட்டில் அடையாளமிட்டார்.

அவர் பொய் எழுதவில்லை. ஆயினும் உண்மை அந்தக் கூட்டுக்குள் அடங்கவில்லை. வேலையாள் பற்றாக்குறை என்று நூறு பேரின் பதில் சேர்ந்தால், வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டும் என்பதே ஆய்வின் முடிவாகும். விதைப்பு என்று எழுதப்பட்டிருந்தால், பணத்தை வேறு மாதத்தில் கொடுக்க வேண்டும் என்பது முடிவாகும். முதலாவது முடிவு குடும்பத்தின் கடனைக் கூட்டும். இரண்டாவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இந்திய அரசின் உதவியுடனான 50,000 வீட்டுத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். அதன் முன்னோடிக் கட்டத்தில் 1,000 வீடுகளை ஒப்பந்தகாரர் கட்டினார்கள். 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய அடுத்த கட்டத்தில், வடக்கு கிழக்கில் பெரும்பாலும் குடும்பங்களே முன்னின்று கட்டும் முறை வந்தது. ஒரு வீட்டிற்கு 550,000 ரூபா, வேலை முன்னேற முன்னேறக் கட்டங்கட்டமாக வங்கிக் கணக்கிற்கு வந்தது. இம்முறையை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் இம்முறையில் குடும்பத்தின் உழைப்பே முதலீட்டின் ஒரு பங்கு. அந்த உழைப்பு வருடம் முழுவதும் சும்மா இருப்பதில்லை.

எமது நாட்காட்டியைப் பாருங்கள். ஆவணி, புரட்டாதியில் காலபோக விதைப்பு. ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. தை, மாசியில் அறுவடை. பங்குனி தொடக்கம் ஆடி வரையுள்ள ஐந்து மாதங்களே வீடு கட்ட வசதியானவை. அதிலும் சிறுபோகம் செய்கிறவர்களுக்குக் கை இன்னும் இறுக்கம். அத்தோடு ஆடியில் பல கிணறுகள் வற்றிவிடும். கொங்கிறீற்றையும் சீமெந்துக் கல்லையும் ஏழு நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது கட்டடக்கலை. குடிக்கவே தண்ணீர் அள்ளப் போகும் வீட்டில் சுவருக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? ஆகவே முதற்கட்டப் பணம் மாசிக் கடைசியில் கையில் கிடைத்தால் வைகாசிக்குள் சுவர் எழும்பும், ஆடிக்குள் கூரை ஏறும். அதே பணம் புரட்டாதியில் வந்தால் விதைப்பா வீடா என்று குடும்பம் தெரிவு செய்ய வேண்டியிருக்கும். இரண்டையும் விட முடியாதவர்கள் நகையை அடைவு வைத்து ஆள் பிடிக்கிறார்கள். இந்த ஒரு பக்கக் கணக்கை உள்ளடக்கிய ஆய்வேடு, வண்ண வரைபுகள் நிறைந்த பல ஏடுகளை விடப் பயனுள்ளது.

படித்தவர்களின் எழுத்தால் என்ன நடந்துவிடும் என்று சலிப்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். வடக்கு கிழக்கிற்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் 2016இல் பெரும் விவாதமானது. அப்போது மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் அந்த வீட்டு மாதிரியை ஆராய்ந்து அத்திவாரம், காற்றோட்டம் முதலியவற்றில் உள்ள குறைகளை எடுத்துக் காட்டினார்கள். கல்வீடு கட்டிய மக்களின் அனுபவமும் அந்த விவாதத்தில் சாட்சியாக நின்றது. அத்திட்டம் முன்மொழியப்பட்டபடி நிறைவேறவில்லை. அளந்து எழுதிய எழுத்துக்கும் அனுபவித்தவர் சொல்லுக்கும் ஒன்று சேர்ந்தால் பலம் உண்டு.

ஆகவே ஆய்வு செய்யும் பிள்ளைகளிடம் நாம் கேட்பது இவை: உங்கள் வினாக்கொத்தில் ஒரு வெற்றுக் கூட்டை விடுங்கள். எங்கள் சொல்லை எங்கள் சொல்லாகவே அதில் எழுதுங்கள். ஆய்வேடு ஏற்றுக்கொள்ளப்பட்டதும் நான்கு பக்கத்தில் அதன் சாரத்தைத் தமிழில் எழுதி, பதில் தந்த ஊரின் பொதுநோக்கு மண்டபத்திலோ கோயில் முன்றலிலோ வாசித்துக் காட்டுங்கள். பிழையிருந்தால் ஊர் திருத்தும். உங்களுக்கு நேரமில்லை என்பதை அறிவோம். பரீட்சகரும் இதற்குப் புள்ளி போடமாட்டார். ஆனால் தங்கள் வேலையை விட்டு உங்களுக்கு ஒரு மணி நேரம் தந்தவர்களுக்கு இது நீங்கள் செலுத்த வேண்டிய கடன்.

எமது குடும்பங்களிடமும் ஒன்று கேட்கிறோம். வீட்டு வேலை தொடங்கும் நாளிலேயே ஒரு கொப்பி வாங்குங்கள். எத்தனை பை சீமெந்து, என்ன விலை, மணல் எப்போது வந்தது, தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்த நாள் எது, பணம் வந்த நாள் எது, வேலை நின்ற நாட்கள் எவை, ஏன் நின்றது என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் பள்ளி போகும் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். கேட்க வருகிறவரிடம் நினைவிலிருந்து சொல்வதை விட, கொப்பியைத் திறந்து சொல்லுங்கள். உங்கள் பதில் கூட்டுக்குள் அடங்காவிட்டால், "தம்பி, இதையும் எழுதுங்கோ" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

கூரை ஏறிய வீட்டில் அடுப்பு மூட்டிய பிறகுதான் குடிபூர்ந்தோம் என்று சொல்கிறோம். எமது மக்களைப் பற்றிய ஆய்வேடும் அப்படித்தான். பல்கலைக்கழகம் பட்டம் தந்த நாளில் அதற்குக் கூரை ஏறுகிறது. ஊர் கூடி அதைக் கேட்ட நாளில்தான் அது முடிகிறது.