ஆணி அடிக்கக் கூடாது

சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்தவர்களுக்குத் தெரியும். அட்வான்ஸ், மெயின்டனன்ஸ், மோட்டார் போடும் நேரம் எல்லாம் பேசி முடித்த பிறகு ஓனர் கடைசியாக ஒன்று சொல்வார்: “செவுத்துல மட்டும் ஆணி அடிச்சிராதீங்க.” நாமும் தலையாட்டுவோம். வீடு அவருடையது, சுவரும் அவருடையது. ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய கணினியில், என் நாட்களை நானே எழுதிவைக்கும் காலண்டரில், என் ஆட்களோடு நான் பேசும் சாட் செயலியில் ஆணி அடிக்காதே என்று சொல்ல இவர்கள் யார்?

ஆணி என்று நான் சொல்வது ஸ்கிரிப்டை. நாலு வரி, மிஞ்சிப்போனால் பத்து வரி நிரல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்து மீட்டிங்குகளைக் காலண்டரிலிருந்து எடுத்து, எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போனது என்று கூட்டிக் காட்டு. மீட்டிங் தொடங்கினால் சாட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘பிஸி’ என்று போடு. வீட்டிலிருந்து செய்தி வந்தால் மட்டும் மணியடி, மற்றதெல்லாம் சாப்பாட்டு நேரம் வரை காத்திருக்கட்டும். இதற்குச் செயலியை உருவாக்குபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வெளியிலிருந்து இன்னொரு நிரல் வந்து பிடிக்க ஒரு கைப்பிடி வைத்துவிட வேண்டும். மிச்சத்தை நாம் பார்த்துக்கொள்வோம்.

அந்தக் கைப்பிடி இருந்தது. அதை எப்படிக் கழற்றினார்கள் என்பதை ஆப்பிளின் கதையில் தெளிவாகப் பார்க்கலாம். 1987ல் ஹைப்பர்கார்டுடன் வந்த ஹைப்பர்டாக், புரோகிராமர் அல்லாத ஒருவரும் வாக்கியம் மாதிரி எழுதிக் கணினியை வேலை வாங்கலாம் என்று காட்டியது. 1993ல் வந்த ஆப்பிள்ஸ்கிரிப்ட் அந்த யோசனையை மற்ற செயலிகளுக்கும் விரித்தது. ‘இந்தச் செயலியிடம் சொல், இதைச் செய்யட்டும்’ என்பதுதான் அதன் இலக்கணமே. தொடக்கத்தில் அதற்குப் பிரெஞ்சு, ஜப்பானிய வடிவங்கள்கூட இருந்தன, பிறகு கைவிடப்பட்டன. தமிழில் ஒன்று வந்திருக்கும் என்று ஏங்கும் அளவுக்கு நான் வெகுளி இல்லை. ஆனால் ஒரு மனிதன் தன் கணினிக்குத் தன் மொழியிலேயே வேலை சொல்லலாம் என்று ஒரு கம்பெனி அன்றைக்கே யோசித்திருக்கிறது, பாருங்கள்.

2002ல் ஐகால் என்ற காலண்டர் வந்தது. பின்னாளில் அதில் நினைவூட்டல் நேரம் வந்ததும் ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட முடிந்தது. 2007ல் லெப்பர்டுடன் வந்த ஐசாட், ஒரு செய்தி வந்தால் ஸ்கிரிப்ட் ஓடும்படி வழி செய்தது. அப்புறம் ஒவ்வொன்றாகப் போனது. 2012ல் ஐகால், காலண்டர் என்று பெயர் மாறியபோது ‘ஸ்கிரிப்டை ஓடவிடு’ என்ற தேர்வு மறைந்தது. ‘கோப்பைத் திற’ என்ற கொல்லைப்புற வழி மட்டும் மிஞ்சியது. 1997 முதல் ஆப்பிளில் தானியக்கத்துக்காகவே வேலை பார்த்த சால் சொகோயனின் பதவியை 2016ல் எடுத்தார்கள். 2018ல் ஹை சியராவின் ஓர் அப்டேட்டில், செய்தி வந்தால் ஓடும் ஸ்கிரிப்டுகளை மெசேஜஸ் செயலி கைவிட்டது. ஆப்பிள்ஸ்கிரிப்ட் இன்னும் சாகவில்லை. மேக்கின் காலண்டரை இன்றும் அதனால் தொட முடியும். 2021ல் மேக்குக்கு ஷார்ட்கட்ஸும் வந்தது. ஆனால் அதில் பெரும்பாலும் செயலிக்காரர் எடுத்துவைத்த கட்டைகளைத்தான் நாம் அடுக்குகிறோம். ஓனரே நாலு கொக்கி மாட்டிக் கொடுத்து, இதில் தொங்கவிட்டுக்கோங்க என்கிற மாதிரி.

மற்றவர்கள் மட்டும் என்ன, உத்தமர்களா? ஸ்கைப்பின் டெஸ்க்டாப் ஏபிஐயை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2013ல் அறிவித்தது. 2025 மே மாதம் ஸ்கைப்பையே மூடிவிட்டது. ஸ்லாக், ஐஆர்சி வழியாகவும் எக்ஸ்எம்பிபி வழியாகவும் உள்ளே வர வைத்திருந்த கதவுகளை 2018 மே மாதம் சாத்தியது. விண்டோஸுக்கான புதிய அவுட்லுக்கில் விபிஏ மேக்ரோ கிடையாது.

இதைக் கேட்டால் வரும் முதல் பதில், பாதுகாப்பு. அதில் பாதி உண்மை, மறுக்கவில்லை. 1999ல் மெலிசா, 2000ல் ஐ லவ் யூ என்ற இரண்டு வைரஸ்களும் அவுட்லுக்கின் ஸ்கிரிப்ட் வசதியைப் பிடித்துத்தான் முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்களுக்குப் பரவின. சரி, கதவைப் பூட்டுவது ஒரு வழி. யார் வந்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத் திறப்பது இன்னொரு வழி. மெசேஜஸில் ஸ்கிரிப்டை நீக்கிய அதே 2018ன் செப்டம்பரில் வந்த மொஹாவே, ஒரு நிரல் இன்னொன்றை இயக்க முயன்றால் ‘அனுமதிக்கலாமா?’ என்று பயனரிடம் கேட்கத் தொடங்கியது. கேட்டுத் திறக்கும் வழி அவர்கள் கையிலேயே இருந்தது. கழற்றிய கைப்பிடியைத் திரும்ப மாட்டத்தான் மனசு வரவில்லை.

இரண்டாவது பதில்: “இதையெல்லாம் யாருங்க யூஸ் பண்றா? நூத்துல ஒருத்தர்.” இதைச் சொல்பவர்கள் ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்த்ததே இல்லையோ என்று தோன்றும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். பி.காம் படித்தவர். புரோகிராமிங் என்ற சொல்லைக் கேட்டாலே சிரிப்பார். ஆனால் வெண்டர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேதிகளை ஒரு ஷீட்டிலிருந்து எடுத்து எல்லோருடைய காலண்டரிலும் போடுகிற ஒரு மேக்ரோவை அங்கே இங்கே பார்த்து ஒட்டுப்போட்டு அவரே செய்துவைத்திருந்தார். எழுதியது ஒருவர், அதில் வாழ்ந்தது அந்தத் தளம் முழுக்க. ஒரு நாள் செயலி மாறியது, மேக்ரோ செத்தது. அதன்பிறகு மாதாமாதம் முதல் தேதி அவர் ஒவ்வொரு வரியாகக் கையால் அடித்தார். புது செயலியைப் பொறுத்தவரை அது ஒரு பிழையே இல்லை. அதன் கணக்கில் அக்கா நூறில் ஒருத்தர்கூட இல்லை.

மணிக்கட்டு வலியால் மவுஸைத் தொட முடியாதவர்கள், திரையைக் கண்ணால் பார்க்க முடியாதவர்கள் ஆகியோருக்கு இருபது கிளிக்கை ஒரே கட்டளையாக்குவது ஆடம்பரம் ஆகாது. வேலையில் நீடிப்பதா வேண்டாமா என்பதே அதில் இருக்கிறது. ஐடியில் வேலைக்கே ‘ஆணி’ என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்யும் கூட்டம் நாம். நம் ஆணியை நாமே அடிக்க முடியாமல் போனதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

மூன்றாவது பதில் கொஞ்சம் புத்திசாலித்தனமானது: “அதான் ஏபிஐ இருக்கே?” இருக்கிறது. ஆனால் அது இருப்பது அவர்களுடைய சர்வரில். ஸ்கிரிப்ட் என்பது என் வீட்டுச் சாவி. ஏபிஐ என்பது கேட்டில் வாட்ச்மேன் எழுதித்தரும் பாஸ். செயலியைப் பதிவு செய், டோக்கன் வாங்கு, ஆபீஸ் அட்மின் ஒப்புதல் கொடுக்கும்வரை காத்திரு, ஒரு நிமிடத்துக்கு இத்தனை தடவைதான் கேட்கலாம் என்ற வரம்புக்குள் நில். நாளைக்குக் கம்பெனியின் கொள்கை மாறினால் பாஸ் செல்லாது. எனக்குச் சம்பளமே இதற்குத்தான், நான் சமாளித்துவிடுவேன். அந்த அக்கா என்ன செய்வார்?

இதெல்லாம் பழைய வருத்தம். இப்போது நடப்பதுதான் ஆத்திரம் வரவைக்கிறது. பாதுகாப்பு, யாருக்கும் வேண்டாம், சிக்கல் என்று நமக்கு மூடிய கதவுகளை ஏஐ உதவியாளருக்குத் திறந்துவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்டின் கோபைலட், கூகுளின் ஜெமினி போன்றவை நம் காலண்டரைப் படிக்கின்றன, மெயிலைச் சுருக்கித் தருகின்றன, பதில் எழுதுகின்றன. யாரோ அனுப்பும் மெயிலில் ஒளித்துவைத்த ஒரு வரியைத் தனக்கு வந்த கட்டளையாக இத்தகைய உதவியாளர்கள் எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அப்போது பாதுகாப்பு எங்கே போனது?

நான் எழுதும் பத்து வரி, நேற்று செய்ததையே இன்றும் செய்யும். திறந்து படிக்கலாம், திருத்தலாம், பக்கத்து சீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், மாதச் சந்தா கிடையாது. உதவியாளர் என்ன செய்வார் என்பதை அவரை உருவாக்கியவராலேயே முழுதாகச் சொல்ல முடியாது. இருந்தும் அவருக்குக் கதவு திறக்கிறது, எனக்குத் திறப்பதில்லை. ஏன்? என் ஸ்கிரிப்டை விற்க முடியாது, அவரை விற்கலாம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றவர், ஆணி அடிக்க ஆள் அனுப்புகிறேன், மாதம் இவ்வளவு கொடு என்கிறார்.

என்ன செய்யலாம்? எல்லாவற்றையும் விட்டு வெளியேறு என்று சொல்ல மாட்டேன். சொந்தபந்தம் மொத்தமும் வாட்ஸப்பில் இருக்கிறது. அனுமதியில்லாத தானியக்கத்தைத் தடை செய்வதாக அதன் விதிமுறைகளே சொல்கின்றன. ஆனால் தேர்ந்தெடுக்க முடிந்த இடத்தில் தேர்ந்தெடுக்கலாம். வீசாட்டுக்குப் பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதலாம். பிட்ஜினை வெளியிலிருந்து இயக்கலாம். ஈமாக்ஸின் ஆர்க் மோடில் உங்கள் நாட்குறிப்பு வெறும் உரைக்கோப்பு, எந்த நிரலும் படிக்கும். காலண்டருக்கு கால்டேவ் என்ற பொதுத் தரம் 2007லிருந்து இருக்கிறது. அதைப் பேசும் சேவையை வாங்குங்கள்.

ஆபீசில் புதிய செயலி வாங்கும் கூட்டத்தில் உட்கார நேர்ந்தால், விலையைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: “எங்க கணக்குப் பிரிவு அக்கா எழுதுன மேக்ரோ இதுல ஓடுமா?” விற்க வந்தவர் முழிப்பார். முழிக்கட்டும். பத்து ஆபீசில் பத்து பேர் கேட்டால், பதினோராவது ஆபீசுக்கு வரும்போது பதிலோடு வருவார்.